கதிர்த்தொழிற்பாட்டுச் சுமையும் வழியோர மாந்தரும்

கொழும்பிலிருந்து பதுளை நோக்கி ஏறும் புகையிரதப் பாதையில், தலவாக்கலையை அடுத்துள்ள நிலையம் வட்டகொடை. பாதை நானுஓயாவை எட்டிய 1885ஆம் ஆண்டு தொட்டு இவ்வூரைச் சுமைகள் கடந்து சென்றுகொண்டேயிருந்தன. கீழிறங்கியவை தேயிலைப் பெட்டிகள்; மேலேறியவை அரிசியும் மாவும் பசளையும். அச்சுமைகளைத் தூக்கியவர்க்கும், பாதையோரத்து லயங்களிலிருந்து அவற்றைப் பார்த்து நின்றவர்க்கும், உள்ளே இருப்பது யாதென்று எவரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. மணமும் கனமும் சொல்லின. பசளை மூடையின் நெடியை அறியாத தோட்டத்துப் பிள்ளை இல்லை.

மணமும் ஒலியும் இன்றித் தன்னை எவ்வகையாலும் அறிவிக்காத சுமையொன்று ஓர் ஊரைக் கடக்கும்போது அவ்வூரார்க்கு உரியது யாது? கதிர்த்தொழிற்பாட்டுப் பொருள்களின் போக்குவரவு பற்றிய விவாதங்களில் இரு தரப்பினரே பெரிதும் பேசப்படுகின்றனர். ஒருவர் அனுப்புவோர்; மற்றவர் பெறுவோர். இவ்விருவர்க்குமிடையே ஒப்பந்தம் உண்டு, விலை உண்டு, காப்புறுதியும் உண்டு. இடைவழியில் வாழும் மூன்றாந் தரப்பினர் எந்தத் தாளிலும் கையொப்பமிடுவதில்லை. பயனில் அவர்க்குப் பங்கில்லை, இடரில் மட்டுமே பங்குண்டு என்பது அவர் சார்பில் வழக்கமாக எழுப்பப்படும் முறைப்பாடு. அதன் முற்பாதி எத்துணை உண்மை என்பது முதற்கண் நோக்கற்பாலது.

வட்டகொடையைச் சூழ்ந்த தோட்டங்களில் ஒருவர்க்குப் புற்றுநோய் காணின், அவர் கதிர்ச் சிகிச்சைக்காகக் கண்டிக்கோ மகரகமவுக்கோ செல்கின்றார். நெடுங்காலம் அச்சிகிச்சை கோபாற்று 60 எனும் மூலத்தைக் கொண்ட இயந்திரங்களாலேயே நிகழ்ந்தது. அதன் அரைவாழ்வுக்காலம் 5.27 ஆண்டுகள். ஆதலின் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பழைய மூலம் அகற்றப்பட்டுப் புதியது கொணரப்படல் வேண்டும். கேடயச் சுரப்பி நோய்க்குத் தரப்படும் அயடீன் 131 எட்டு நாளிற் பாதியாகத் தேய்வது. அது வழியில் தாமதித்தால் மருந்தாகவே வந்து சேராது. இவையெல்லாம் கடல்கடந்து வந்து, துறையிலிருந்தோ விமான நிலையத்திலிருந்தோ தரைவழியாக, எத்தனையோ ஊர்களைக் கடந்து மருத்துவமனையை அடைந்தவை. வட்டகொடை நோயாளியின் பொருட்டு வேறு யாரோ வழியோரத்தாராக இருந்திருக்கின்றனர். எனவே, ‘எம்மூர் வழியே எதுவும் செல்லலாகாது’ என்று எவ்வூரும் முழு மனச்சான்றோடு கூறிவிட இயலாது. வழியோரத்தான் என்பது ஒரு நிலையான குலமன்று; ஒருவன் ஒரு சுமைக்கு வழியோரத்தானாகவும் மற்றொன்றிற்குப் பெறுவோனாகவும் இருக்கின்றான்.

மலைநாடு இத்தகைய பொருளைப் பெற்ற இடம் மட்டுமன்று. ஒருகாலத்தில் அனுப்பிய இடமுமாகும். கலை, தத்துவம் ஆகிய துறைகளில் உலகறிந்த ஆனந்த குமாரசுவாமி, தம் இளமையில் இலங்கைக் கனிப்பொருள் அளவைத் திணைக்களத்தின் தலைவராக விளங்கிய மண்ணியல் அறிஞர். 1904ஆம் ஆண்டு சப்ரகமுவவில், பலாங்கொடைப் பகுதியின் இரத்தினக்கல் மணலிற் கிடைத்த கரிய கனமான கனிப்பொருளொன்று அவருடைய ஆராய்ச்சிக்கு உட்பட்டது. தோரியம் ஒட்சைட்டைப் பெரும்பகுதியாகவும் யுரேனியத்தைச் சிறுபகுதியாகவும் கொண்ட அது ‘தோரியனைற்று’ எனப் பெயர்பெற்றது. இலண்டனுக்கு அனுப்பப்பட்ட இக்கனிப்பொருளிலிருந்துதான், வில்லியம் இராம்சேயின் ஆய்வுகூடத்திற் பணிபுரிந்த ஓட்டோ ஹான் 1905இல் ‘இரேடியோதோரியம்’ எனும் புதிய பொருளைப் பிரித்தறிந்தார். பின்னாளில் யுரேனிய அணுவின் பிளவைக் கண்டறிந்தவரும் அவரே. அணுயுகத்தின் தலைவாசலில் மலைநாட்டு ஆற்றுமணல் ஒரு பிடி கிடக்கின்றது எனலாம்.

அக்கனிப்பொருளை ஓடைகளில் அரித்தெடுத்த கூலியாளுக்கோ, வண்டியிலேற்றியவனுக்கோ, கப்பலில் அடுக்கியவனுக்கோ அதன் இயல்பு தெரிந்திருக்க வழியில்லை. அறிவியலாளர்க்கே அன்று அது முழுதும் தெரியாது. அவ்வறியாமையில் குற்றமில்லை. எவரும் அறியாத ஒன்றை எவரும் மறைக்கவும் இயலாது. அறிந்தவர் சிலரும் அறியாதவர் பலருமாக உலகம் பிரிந்த பின்னரே இஃது அறவினாவாகின்றது.

இன்று அச்சிலர் அறிந்திருப்பது மிகப் பல. சர்வதேச அணுசக்தி முகவரகம் 1961ஆம் ஆண்டு முதன்முதலாகப் போக்குவரவு விதிகளை வெளியிட்டு, அவற்றைக் காலந்தோறும் திருத்தி வந்துள்ளது. செறிவு மிக்க மூலங்களும் எரிந்துதீர்ந்த அணு எரிபொருளும் செல்லும் கொள்கலன், 9 மீற்றர் உயரத்திலிருந்து நெகிழாத தளத்தின்மீது வீழ்தலையும், ஒரு மீற்றர் உயரத்திலிருந்து உருக்குத் தண்டின்மீது வீழ்தலையும், 800 பாகை செல்சியசு வெப்பத்தில் அரைமணி நேரம் கிடத்தலையும், நீரில் அமிழ்தலையும் தாங்குதல் வேண்டும். உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 2 கோடிப் பொதிகள் இவ்வாறு செல்கின்றன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை மருத்துவம், தொழில் ஆகியவற்றுக்கானவை. விதிப்படி பொதிந்து செல்லப்பட்ட செறிவு மிக்க சுமையொன்று விபத்தில் உடைந்து கதிர்வீச்சாற் பெருங்கேடு விளைத்ததாகப் பதிவில்லை. இதை மறைத்து அச்சத்தைப் பெருக்குவது நேர்மையாகாது. மலைப்பாதையிற் செல்லும் பெற்றோல் கொள்கலன் லொறி இதனினும் அஞ்சத்தக்கது என்று ஒரு பொறியியல் மாணவர் வாதிடின் அவ்வாதத்தில் நியாயமுண்டு.

ஆயின் இப்புள்ளிவிபரத்திலிருந்து, ‘இடர் மிகச் சிறிது, எனவே வழியோரத்தார்க்கு அறிவிக்கவேண்டியதில்லை’ என்ற முடிவுக்குத் தாவுவதிற்றான் வழு நேர்கின்றது. இடரின் அளவு என்பது கணக்கு. அறிவிக்கும் கடமை என்பது உறவு. அயலான் வீட்டு முற்றத்தின் ஊடாக ஒருவன் நடந்து செல்லும்போது எதையும் மிதிக்கவில்லை என்பது அவனுக்கு நற்சான்றாகலாம். கேளாது நுழைந்ததற்கு அது விடையாகாது. கதிர்ப் பாதுகாப்புத் துறையின் முதற் கொள்கையான ‘நியாயப்படுத்தல்’, ஒரு செயலால் விளையும் நன்மை தீமையினும் மிகுதல் வேண்டும் என்கின்றது. பெந்தமின் வழிவந்த இக்கணக்கில் நன்மையும் தீமையும் ஒரே தராசில் இடப்படுகின்றன. அவை ஒரே மனிதர்க்கு நேர்வனவா என்று அத்தராசு கேட்பதில்லை.

இவ்வாதத்தை இங்கேயே நிறுத்தினால், அறிவித்தல் என்பது வெறும் மரியாதை என்ற அளவிலேயே முடிந்துவிடும். நிகழ்ந்த கேடுகளை ஆராயின் அது மரியாதையினும் மிக்கது என்பது புலப்படும்.

1987 செப்தெம்பரில், பிரேசில் நாட்டின் கொய்யானியா நகரிற் கைவிடப்பட்ட சிகிச்சை நிலையமொன்றிலிருந்து சீசியம் 137 மூலம் எடுத்துச்செல்லப்பட்டுப் பழைய இரும்புக் கடையில் உடைக்கப்பட்டது. இருளில் நீலமாய் ஒளிர்ந்த அத்தூளை உறவினர் பகிர்ந்துகொண்டனர். நால்வர் இறந்தனர், 249 பேரில் மாசு காணப்பட்டது. இறந்தோருள் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியும் அடக்கம். அவளை அடக்கஞ் செய்ய முற்பட்டபோது ஊரவர் கல்லெறிந்து தடுத்தனர். முன்பு எதுவும் தெரியாமையால் அதைத் தொட்டனர். பின்பும் எதுவும் தெரியாமையால் பிணத்துக்கு அஞ்சினர். அறியாமை முதலில் உடலைக் கெடுத்து, அடுத்து இரக்கத்தையும் கெடுத்தது.

பல்கலைக்கழகத்தார் இதனைத் தொலைநாட்டுச் செய்தியாகக் கொள்ளற்கில்லை. தில்லிப் பல்கலைக்கழகத்தின் இரசாயனத் துறை 1968ஆம் ஆண்டு கனடாவிலிருந்து தருவித்த காமாக் கதிர்ப்பிப்புக் கருவியொன்று 1985 முதல் பயன்படாது கிடந்தது. 2010 பெப்ருவரியில் அது பழைய இரும்போடு ஏலத்தில் விற்கப்பட்டு, மாயாபுரிப் பழைய பொருட் சந்தைக்கு ஏற்றிச் செல்லப்பட்டது. அங்குத் தொழிலாளர் அதை உடைத்தபோது கோபாற்று 60 வெளிப்பட்டது. ஏப்ரலில் ஒருவர் இறந்தார்; வேறு சிலர் கடும் நோயுற்றனர். அறிவை வளர்ப்பதற்கென்று நிறுவப்பட்ட ஓரிடத்திலிருந்து பொருள் சென்றது. அப்பொருளைப் பற்றிய அறிவு அதனோடு செல்லவில்லை. அக்கருவியின் இயல்பை அறிந்தோர் இடைப்பட்ட 25 ஆண்டுகளில் ஓய்வுபெற்றிருப்பர். பதிவேடு எங்கோ அலுமாரியில் இருந்திருக்கும். ஈயக்கவசம் உடைவதற்கு முன்னரே நினைவு உடைந்துவிட்டது.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் கொள்கலன் தானாக உடையவில்லை. உள்ளிருப்பது இன்னதென்ற செய்தி சுமையைவிட்டுப் பிரிந்த பின்னரே மனிதர் அதை உடைத்தனர். ஆகவே உருக்கும் ஈயமும் போல அறிவும் சுமையைப் போர்த்தியிருக்கும் ஒரு கவசமாகும். வழியோரத்தார்க்கும் சுமைதூக்குவோர்க்கும் அறிவித்தல் பாதுகாப்போடு சேர்க்கப்படும் ஓர் உபசாரமன்று; அது பாதுகாப்பின் பகுதியே. தொழிலாளி விளங்கிக்கொள்ளாத மொழியில் ஒட்டப்பட்ட மஞ்சள் முத்திரை அவனளவிற் கவசத்தில் விழுந்த ஓட்டை.

இலங்கைச் சட்டமும் இதனை ஒருவாறு ஏற்றுக்கொண்டுள்ளது. 1969ஆம் ஆண்டின் பழைய சட்டத்தின் இடத்தில் வந்த 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க இலங்கை அணுசக்திச் சட்டம், கதிர்த்தொழிற்பாட்டுப் பொருள்களை அனுமதியின்றி நாட்டினுட் கொணர்தலைத் தடுக்கின்றது. 2021 ஏப்ரலில், உரொட்டர்டாமிலிருந்து சீனா நோக்கிச் சென்ற ‘பீபீசீ நேப்பில்ஸ்’ எனும் கப்பல் அம்பாந்தோட்டைத் துறைமுகத்துள் நுழைந்தது. அதில் யுரேனியம் எக்சாபுளோரைட்டு இருந்தமை முன்கூட்டி அறிவிக்கப்படாதது பின்னர் வெளிப்பட, கப்பல் உடனே வெளியேறுமாறு பணிக்கப்பட்டது. சரக்கு இங்கு இறக்குவதற்கன்று, கடந்து செல்வதற்கே என்பது கப்பல் தரப்பின் விளக்கம். ‘கடந்து செல்வதற்கே’ என்ற அச்சொற்றொடரிற்றான் இப்பொருள் பற்றிய அறச்சிக்கல் முழுவதும் அடங்கியுள்ளது. கடந்து செல்வோனுக்கு அது ஒரு கணம். கரையில் இருப்போனுக்கு அது அவனுடைய ஊர்.

அவ்வெளியேற்றம் பலராலும் பாராட்டப்பட்டது. சட்டத்தை மீறி வந்த கப்பலை அனுப்பியது முறையே. எனினும் விரட்டுதல் எப்பொழுதும் அறமாகாது என்பதற்கு மறுமாதமே சான்று கிடைத்தது. 2021 மேயில் கொழும்புக் கடலில் எரிந்த ‘எக்ஸ்பிரஸ் பேர்ள்’ கப்பலில் நைத்திரிக்கமிலக் கொள்கலனொன்று அதற்கு முன்னரே கசிந்துகொண்டிருந்தது. அதனை இறக்கிக்கொள்ளுமாறு கட்டாரின் ஹமாட் துறைமுகத்திலும் இந்தியாவின் ஹசீராத் துறைமுகத்திலும் கேட்கப்பட்டு, இரண்டிலும் மறுக்கப்பட்டது. அது கதிர்த்தொழிற்பாட்டுச் சுமையன்று, அமிலம். ஆயினும் நியாயம் ஒன்றே. ஒவ்வொரு துறையும் ‘இங்கன்று’ எனக் கூறிய பின் அது இலங்கையின் மேற்குக் கரைக்கு வந்தது. மீனவரின் வலையில் பிளாத்திக்கு மணிகளாய் அதன் விளைவு சிக்கிற்று. மறுத்தவர் தம் கரையைக் காத்தனர். இடர் அதனாற் குறையவில்லை, இடம்மாறிற்று.

அங்ஙனமாயின் வழியோரத்தார்க்கு மறுக்கும் உரிமை இல்லையா? இவ்விடத்தில் வட்டகொடையின் வரலாறு சிலவற்றைச் சொல்லும். அவ்வூர் மடக்கும்பரைத் தோட்டத்திற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் தலவாக்கலைத் தொகுதியின் உறுப்பினராகப் பாராளுமன்றஞ் சென்றார். அடுத்த ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்த தேர்தற் சட்டத் திருத்தமும் அவரைத் தெரிந்தெடுத்த மக்களிற் பெரும்பாலோரின் வாக்கைப் பறித்தன. 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானபோது, 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் எனப் பங்கிடப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேர் 1974இற் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். தேயிலைப் பெட்டிகள் இறங்கிய அதே பாதையில் அம்மக்களும் தலைமன்னார் நோக்கி இறங்கினர். இரு அரசுகளும் கணக்கைச் சரியாகவே போட்டன. எண்ணப்பட்டவர் கேட்கப்படவில்லை என்பதே குறை. அம்மக்கள் எல்லோரும் மறுத்திருப்பர் என்பதும் இல்லை. விரும்பிச் சென்றோரும் உளர். விரும்புவார் என்பதனால் கேளாமை நியாயமாகிவிடுமா என்பதே வினா.

ஆதலின் வழியோரத்தாரின் உரிமையைத் ‘தடுக்கும் உரிமை’ என்று கொள்வதைவிடக் ‘கேட்கப்படும் உரிமை’ என்று கொள்வதே பொருந்தும். நோயாளியின் மருந்தைத் தடுக்கும் உரிமை எவ்வூருக்கும் இல்லை. அதை எவ்வழியாக, எவ்வேளையில், எவர் பொறுப்பிற் கொண்டுசெல்வது என்பதில் தன் சொல்லைச் சொல்லவும், பழுது நேரின் யாரிடம் கேட்பது என்று அறியவும் ஒவ்வோர் ஊருக்கும் உரிமை உண்டு. மண்சரிவு எந்த வளைவில் நேரும், எந்தப் பாலம் மழைக்குத் தாங்காது என்பதைத் தலைநகரிலுள்ள அலுவலகத்தினும் அவ்வூரவர் நன்கறிவர். 2025 நொவெம்பரின் டிட்வா சூறாவளி மலையகத்தின் வீதிகளையும் புகையிரதப் பாதையையும் துண்டித்தபோது, வரைபடத்தில் இருந்த வழிகள் பல நிலத்தில் இருக்கவில்லை.

இதற்கு எதிராக வலுவான தடையொன்று உண்டு. சுமை பற்றிய செய்தி பரவினால் அது தீயோர் செவியிலும் விழும். களவும் நாசவேலையும் நேரும். இக்காரணத்தாலேயே செறிவு மிக்க மூலங்கள் செல்லும் நாளும் வழியும் பல நாடுகளில் மறைக்கப்படுகின்றன. போரை நெடுங்காலம் கண்ட நாட்டில் இவ்வச்சத்தை எள்ளுதல் தகாது. எனினும் மறைக்கத்தக்கது எது, மறைக்கத்தகாதது எது என்று பகுத்தல் கூடும். நாளும் நாழிகையும் மறைக்கப்படலாம். இவ்வீதியால் இத்தகைய பொருள் செல்வதுண்டு, இன்ன குறி காணின் விலகி நிற்க வேண்டும், இன்ன இடத்திற்கு அறிவிக்க வேண்டும், கேடு நேரின் இன்னார் பொறுப்பு என்பவற்றை மறைப்பதாற் கள்வனுக்கு எந்த இடையூறும் இல்லை. பாதுகாப்பின் பெயரால் இவையும் மறைக்கப்படின், மறைக்கப்படுவது சுமையன்று, பொறுப்பே என்று ஐயுறுவதற்கு இடமுண்டாகும்.

மருந்தைப் பற்றிய இந்நியாயம் கழிவுக்கு அப்படியே பொருந்தாது. கழிவுச் சுமையின் பயன் முன்பே நுகரப்பட்டுவிட்டது. கூடங்குள அணுமின் நிலையத்தை எதிர்த்து 2011, 2012ஆம் ஆண்டுகளில் இடிந்தகரை மக்கள் போராடியபோது, எரிந்த எரிபொருள் எங்கே செல்லும் என்பதும் அவர்தம் கேள்விகளுள் ஒன்று. 2012 நொவெம்பரில் கோலார் தங்கச் சுரங்கத்தின் பெயர் அத்தொடர்பில் அடிபட்டவுடன் அங்குள்ளோர் கிளர்ந்தெழுந்தனர். அத்தகைய திட்டமில்லை என அதிகாரிகள் மறுத்தனர். அச்சுரங்கத்திலும் தலைமுறை தலைமுறையாக உழைத்தவருட் பெருந்தொகையினர் தமிழர். 2001இல் அது மூடப்பட்டபின் வேலையின்றி நின்றவர். பொன்னைத் தோண்டியெடுத்த குழியில் வேறெங்கோ எரிந்த விளக்கின் சாம்பலை இடலாமா என்று அவர் கேட்டது வெறும் அச்சத்தின் குரலன்று.

மேலும், கழிவு இடத்தினூடே மட்டும் செல்வதன்று, காலத்தினூடேயும் செல்கின்றது. புளுத்தோனியம் 239இன் அரைவாழ்வுக்காலம் 24,100 ஆண்டுகள். தமிழில் எழுதப்பட்டவற்றுள் மிகப் பழையதன் வயதும் அக்காலத்தின் ஒரு சிறு பகுதியே. பின்லாந்து, ஒல்கிலுவொட்டோவில் 400 மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்திற் பாறையைக் குடைந்து எரிந்த எரிபொருளுக்குக் கிடங்கு அமைத்துள்ளது. அதன் மேலே எச்சரிக்கைக் குறி நிறுவுவதா, முற்றாக மறக்கப்பட விடுவதா என்பது அத்துறையில் தீராத விவாதம். குறி நட்டால் ஆவலுற்றோர் தோண்டுவர். நடாவிட்டால் அறியாதோர் தோண்டுவர். இனி வரப்போகும் மாந்தர் இச்சுமை செல்லும் நெடுவழியின் ஓரத்தில் நிற்பவர். அவரிடம் சென்று கேட்டுவரத் தூதில்லை. இலங்கை அணுமின் நிலையம் அமைப்பது பற்றி ஆராய்ந்து வருகின்றது. சர்வதேச முகவரகத்தின் மதிப்பீட்டுக் குழுவும் 2022இல் வந்து சென்றது. மின்சாரத்தின் அலகு விலை பற்றிய கணக்குகளோடு இவ்வினாவும் அம்மேசையில் இடம்பெறவேண்டும்.

இத்துணைப் பெரிய வினாக்கள், வட்டகொடையில் மிகச் சிறிய வடிவில் வந்து இறங்குகின்றன. அயடீன் 131 அருந்திய நோயாளி சில நாட்களுக்குத் தாமே ஒரு கதிர்மூலமாக இருக்கின்றார். மிகுந்த அளவு பெற்றவரை மருத்துவமனையிலேயே தனித்திருக்கச் செய்வர். குறைந்த அளவு பெற்றவர் அறிவுறுத்தலோடு வீடு திரும்புவார்: பிள்ளைகளிடமிருந்தும் கருவுற்ற பெண்களிடமிருந்தும் விலகியிருத்தல், தனியே உறங்குதல், நெரிசலான ஊர்தியில் நெடுநேரம் பயணஞ் செய்யாமை. இவ்வறிவுறுத்தல் தனியறை உள்ள வீட்டை மனத்திற் கொண்டு வகுக்கப்பட்டது. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பிராவில் மூன்று தலைமுறையினர் உறங்கும் குடும்பத்துக்கு அது எவ்வாறு பொருந்தும் என்பதை, அதை எழுதியவர் கண்ணாற் கண்டிருக்க வேண்டியதில்லை.

அவர் கண்டியில் ஏறும் பெட்டியில் இருக்கை கிடைப்பது அரிது. பக்கத்திற் பிள்ளையோடு ஒரு தாய் நிற்கக்கூடும். இவருக்குத் தம் நோயை அயலார்க்கு உரைக்கும் கடமை இல்லை. நோய் அவருடைய அந்தரங்கம். அத்தாய்க்கு நேரக்கூடிய தீங்கோ மிகச் சிறிது. ஆயினும் அறிவுறுத்தல் அவருக்கு விளங்கும் தமிழில் சொல்லப்பட்டிருப்பின், காரணம் கூறாமலே அவர் எழுந்து கதவோரம் சென்று நிற்பார். சொல்லப்படாதிருப்பின், வட்டகொடையில் இறங்கும்வரை அப்பிள்ளையைத் தம் மடியில் வைத்துக்கொள்வார். தோட்டத்து வழக்கம் அதுதான்.